பனியில் ஓடும் சைக்கிளும் அம்மாவின் மத்தியானச் சோறும்

பிள்ளை, திங்கட்கிழமை காலை நீ போய் வேலையை விடப்போகிறேன் என்று சொல்வதற்கு முன்னால் இதை முழுக்க வாசி. நடுவில் எனக்குப் போன் எடுக்காதே. எடுத்தாலும் நான் பேசமாட்டேன். போனில் நான் ஒரு வசனம் தொடங்குவதற்குள் நீ மூன்று வசனம் சொல்லி முடித்து, "சரியப்பா, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் உன்னைத் தூக்கக் கண்ணோடு தமிழ் வகுப்புக்கு அம்மா இழுத்துக்கொண்டு போனது இன்றைக்காவது உதவட்டும். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். வாசி, அவசரமில்லை. மெதுவாக வாசித்தால் என் மேல் வரப்போகிற கோபமும் மெதுவாக வரும்.

போன ஞாயிறு என் குசினியில் நின்று நீ அழுதாய். "அம்மா உங்கட கையால மட்டும்தான் சாப்பிடுறா. நீங்கள் உந்தச் சைக்கிளோட ஒரு நாள் எங்கையாவது விழுந்து கிடந்தால் அவ பட்டினிதானே? நான் வேலையை விடுறன் அப்பா. ரெண்டு பேரையும் அஜக்ஸில எங்கட வீட்டுக்குக் கொண்டுபோய் நானே பாக்கிறன்" என்றாய். மருமகன் பக்கத்தில் நின்று தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி வைத்த கோப்பையை எடுத்துத் திரும்பவும் கழுவினார். இந்த வேலைக்காக நீ எத்தனை வருசம் படித்தாய், உங்கள் வீட்டை எப்படிக் கட்டிக் காக்கிறீர்கள் என்று தெரிந்த மனுசன் அவர். அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் நீ வேலையை விடத் தேவையில்லை. ஆனால் அதைச் சொன்ன கையோடு என் சைக்கிளும் போய்விடும். ஒரு கிழமையாக இதையே யோசித்துக்கொண்டு திரிகிறேன்.

நம் வீட்டில் சாரதி உன் அம்மாதான். பார்க்டேலில் அந்த ஒற்றை அறையில் இருந்த காலத்திலேயே, இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலம் முடிவதற்குள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். நான் றோட்டுப் பரீட்சைக்குப் போய்ப் போய், பரீட்சை வைக்கிறவர் என்னைத் தூரத்தில் கண்டதுமே சிரிக்கத் தொடங்கியதோடு விட்டுவிட்டேன். "உங்களுக்குச் சைக்கிளை விட்டால் வேறை கதியில்லை" என்பாள். பக்கத்துச் சீற்றில் இருந்து வழி சொல்வது என் வேலை. அதையும் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. பிறகு ஒரு நாள் ஸ்டீல்ஸ் தெருவில் பச்சை விளக்கு எரிய, காரை நிறுத்தியபடி இருந்தாள். பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்க போறம்?" என்று கேட்டாள். பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக என்னிடம் வழி கேட்கிறாள், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட வந்தது. என்ன விசரன் நான். அந்தக் கிழமையே நீ வந்து, இனி அம்மா கார் ஓடக்கூடாது என்று கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு போனாய்.

மறதி முற்றி நேர்சிங்ஹோமில் விட்ட புதிதில் அவள் பட்ட பாடு உனக்குத் தெரியும். கரண்டியைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொள்வாள். போத்தல் பாலைத் தவிர ஒன்றும் உள்ளே இறங்கவில்லை, வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. நான் சோற்றையும் பருப்பையும் கீரையையும் களியாகக் குழைத்துக்கொண்டு போய் விரலால் தீத்தினேன். வாயைத் திறந்தாள். விழுங்குவதைச் சோதிக்கிற பெண் வந்து பார்த்துவிட்டு, இன்னும் மசிக்கச் சொல்லி, எப்படி என்று காட்டியும் தந்தாள். அன்றிலிருந்து மத்தியானச் சோறு என் பொறுப்பு. "அம்மா அப்பாவின்ர கைக்கு மட்டும்தான் வாய் திறக்கிறா" என்று நீ சொந்தக்காரர் முழுப்பேருக்கும் சொன்னாய். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

மில்லிக்கனில் என் வீட்டிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். கோடையில் சரி. ஸ்னோ கொட்டினால் இரண்டாவது பஸ் எப்போது வரும் என்று அந்தக் கடவுளுக்கும் தெரியாது. சோறு ஆறிவிடும், சாப்பாட்டு நேரமும் முடிந்துவிடும். உள் தெருக்களால் சைக்கிளில் போனால் அரை மணி நேரம். மருமகன் உடம்பைக் குறைக்கப்போகிறேன் என்று வாங்கி, உடம்பும் குறையாமல் சைக்கிளும் தேயாமல் கார் விடுகிற கராச்சில் சாத்தி வைத்திருந்த அந்த மொத்தமான அகல ரயர் சைக்கிளை நான் எடுத்துக்கொண்டது அப்படித்தான். கோடை முழுக்க ஓடினேன். கார்த்திகை பிறந்ததும் நீ, "இனிக் காணும் அப்பா, சைக்கிளை விடுங்கோ" என்றாய். நான் ஓம் என்று சொல்லிவிட்டு சைக்கிளைப் பனிக்கு ஆயத்தப்படுத்தத் தொடங்கினேன்.

முதல் பனி விழுந்த அன்று ஒரு யாழ்ப்பாணத்தான் செய்கிற பிழையைத்தான் செய்தேன். ரயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, கல்லு மாதிரி வரும்வரைக்கும் காற்றடித்தேன். நாங்கள் அப்படிப் பழகினவர்கள். போர்த் தடையால் பெற்றோல் வராத காலத்தில் விறகு மூட்டை, அரிசி மூட்டை, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான். காற்றுக் குறைந்தால் ரிம் வளைந்துவிடும். நீ பிறந்த அன்றும் உன் அம்மாவைப் பின் கரியரில் தலையணை கட்டி இருத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். றோட்டு முழுக்கக் கிடங்கு. "காத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ மனுசா! ஒவ்வொரு கிடங்குக்கும் உயிர் போகுது" என்று முதுகில் குத்தினாள். ரிம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டு மிதித்தேன். நோவில் துடிக்கிற பொம்பிளைக்கு ரிம்மைப் பற்றிச் சொன்ன மனுசன் உன் அப்பன். அவள் அதைக் கடைசிவரை, அதாவது ஞாபகம் இருந்த கடைசிவரை, சொல்லிக் காட்டினாள்.

கல்லு மாதிரிக் காற்றடித்த ரயர் பனியில் நிற்குமா? பலசரக்குக் கடை இருக்கிற பிளாசா வாசலில், ஊரே பார்க்க, சோற்றுப் பாத்திரம் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். கடைக்காரத் தம்பி ஓடிவந்து தூக்கினான். "அண்ணை, ஊரிலதான் பொருளாதாரத் தடை எண்டு சைக்கிள் ஓடினியள். இங்க ஆர் உங்களுக்குத் தடை போட்டது?" என்று கேட்டான். "என்ர மகள்" என்றேன். சிரித்தான். உனக்குச் சிரிப்பு வராது, தெரியும்.

அடுத்த நாள் நைலோன் கயிற்றை ரயரையும் ரிம்மையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினேன். உருண்டது, பிறேக்கைப் பிடித்ததும் கட்டைக்குள் கயிறு சிக்கிச் சில்லு சுற்றாமல் அப்படியே நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் காற்றடிக்கிற வாய்க்குள்ளால் காற்றுக் கசிந்து, ரயர் பாதி சப்பையாகிப்போன நிலையில் தெரியாமல் வீடு வரைக்கும் ஓடி வந்தேன். வழுக்கவே இல்லை! காற்றுக் குறைந்த ரயர் அகலமாகப் படிந்து பனியைப் பிடிக்கிறது. இறங்கிப் பார்த்தபோது உன் அம்மா முதுகில் குத்தினது ஞாபகம் வந்து, தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். அவளிடம் போய்ச் சொல்லவும் சொன்னேன். "நீ சொன்னது சரியடி, காத்தை இறக்கத்தான் வேணும்." அவள் கீரையைத் துப்பினாள்.

பனிக்குக் காற்றை இறக்கியது போதும், கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிற ஐசுக்கு அது போதாது. ஆணி வேண்டும். கட்டையான ஸ்குரூ ஆணிகளை ரயரின் உள்ளிருந்து வெளியே, றோட்டில் படுகிற ரயர்க் கட்டைகளின் நடுவால், மாறி மாறி ஏற்றினேன். ஆணித் தலை ரியூப்பைக் குத்தாமல் இருக்க, ஓரக் கம்பியை அறுத்தெடுத்த ஒரு பழைய ரயரை உள்ளே போட்டேன். ரயருக்குள் ரயர். தடைக் காலத்தில் புது ரயர் இல்லாமல் ஊரில் எல்லாரும் செய்த வேலை. சீற்றை இறக்கினேன், வழுக்கினால் இரண்டு காலும் நிலத்தில் படவேண்டும். சில்லை மூடுகிற மட்காட்டை உயர்த்தினேன், இல்லாவிட்டால் இடையில் பனி இறுகிச் சில்லு சுற்றாது. சைக்கிளைச் சூட்டுக்குள் வைக்கக்கூடாது, உருகின தண்ணீர் வெளியே போனதும் பிறேக் கம்பிக்குள் உறைந்துவிடும், அதனால் பின்வளவுக் கொட்டிலில்தான் அதற்குப் படுக்கை. பனி உருகத் தெருவில் கொட்டுகிற உப்புத் தின்ற செயினைத் தினமும் துடைத்து எண்ணெய் விட வேண்டும். ஹாண்டிலில் கை விறைத்தது. உன் அம்மாவின் பெரிய குளிர் ஜக்கற்றின் இரண்டு கைகளையும் வெட்டி ஹாண்டிலில் பூட்டினேன், கையை உள்ளே விட்டால் கதகதப்பாக இருக்கும். ஜக்கற் எங்கே என்று நீ கேட்டபோது தெரியாது என்றேன். அவள் இனி வெளியே போகமாட்டாள் என்பதைக் கத்தரிக்கோல் எடுத்த அன்றுதான் எனக்கு நானே சொன்னேன்.

இவ்வளவும் ஏன் விளக்கமாக எழுதுகிறேன் என்று யோசிப்பாய். விழுந்து சாகிற ஆசையில் நான் ஓடவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு பெரிய பனி கொட்டியதே, உன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பூட்டின நாள். அன்று போகமாட்டேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன். தெருவோரத்தில் பனி வழிக்கிற வாகனம் குவித்துவிட்டுப் போன மேட்டில் முன்சில்லு ஏறிச் சரிந்தது. வீங்கின கையைப் பற்றி நீ பிறகு கேட்டாய், படியில் இடித்தது என்றேன். அன்று விழுந்த கைதான். எழும்பி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். மூஞ்சி மரத்துவிட்டது. சோற்றுப் பாத்திரத்தை ஜக்கற்றுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஐயோ அவள் பட்டினியாக இருக்கிறாளே, இன்னும் கொஞ்சத் தூரம், இன்னும் கொஞ்சத் தூரம் என்று அழுதுகொண்டே நடந்தேன். அழுதது வலியிலும்தான். போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு மேசையெல்லாம் துடைத்துவிட்டார்கள்.

சன்னலோர மேசையில் உன் அம்மா இருந்தாள். பக்கத்தில் ஜோசி, அங்கே வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரப் பிள்ளை, உனக்கும் தெரியும், எப்போதும் பாடிக்கொண்டு திரிகிறவள். அவள் கையில் கரண்டி. கிண்ணத்தில் மசித்த உருளைக்கிழங்கும் ஏதோ இறைச்சிக் குழம்பும். இறைச்சி! அன்று வெள்ளிக்கிழமை, வெள்ளியில் முட்டை பட்ட கரண்டியையே தொடாத மனுசி. ஜோசி பாடப் பாட உன் அம்மா வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். பல்லைக் கடிக்கவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. கிண்ணம் வழித்துத் துடைத்திருந்தது. கன்னத்தில் ஒட்டியதை ஜோசி துடைத்துவிட, சிரித்தாள்.

நான் வாசலில் நின்றேன், பிள்ளை. உருகின பனி என்னிலிருந்து நிலத்தில் சொட்டியது. சந்தோசப்பட்டிருக்க வேண்டும். பட்டினி கிடக்கிறாள் என்று அழுதுகொண்டு வந்தவன், சாப்பிடுகிறாள் என்று கண்டதும் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல். அந்தப் பிள்ளையின் கையிலிருந்த கரண்டியைப் பறித்து எறியலாம் போலிருந்தது. ஜோசி என்னைக் கண்டு, நல்ல செய்தி சொல்கிறவளாக, இவ இப்ப கொஞ்ச நாளாகவே காலையும் இரவும் நன்றாகச் சாப்பிடுகிறா, மத்தியானம் மட்டும் நீங்கள் வருவீர்கள் என்று காத்திருப்போம், இன்றைக்குப் பனி என்பதால் நானே கொடுத்துவிட்டேன் என்றாள். நன்றி சொன்னேன். நீ போன் எடுத்து, "அம்மா இண்டைக்குச் சாப்பிட்டவவோ?" என்று கேட்டபோது, "ஓம், நர்ஸ்மார் ஏதோ கொஞ்சம் பருக்கினவை, சரியா சாப்பிடேல்லை" என்றேன். அந்தப் பொய்யைத்தான் இந்தப் பனிக்காலம் முழுக்க வளர்த்தேன். சைக்கிள் வேண்டாம் என்று நீ சொல்லும்போதெல்லாம், "அப்ப அம்மா பட்டினி கிடக்கட்டோ?" என்று உன் வாயை அடைத்தேன். அந்தக் கேள்விதான் உன்னை வேலையை விடுகிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

ஆகவே, தெளிவாகவே எழுதுகிறேன். உன் அம்மா சாப்பிடுகிறாள். ஆர் தீத்தினாலும் சாப்பிடுகிறாள். பாட்டுப் பாடினால் இன்னும் நன்றாகச் சாப்பிடுகிறாள். என் கையும் தேவையில்லை, உன் கையும் தேவையில்லை. நீ வேலைக்குப் போ.

இதோடு நிறுத்தினால் நீ சனிக்கிழமை என் சாமான் ஏற்ற வான் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாய். "அப்ப என்னத்துக்கு அப்பா அங்க ஒவ்வொரு நாளும்? அஜக்ஸுக்கு வாங்கோ, ஞாயிறு ஞாயிறு நான் காரில கூட்டிக்கொண்டு போறன்." நியாயம்தான். அன்றிலிருந்து போகிற ஒவ்வொரு மத்தியானமும், என்னத்துக்கு என்று நானும்தான் கேட்டுக்கொண்டு மிதித்தேன்.

மாசியில் ஒரு நாள் நான் குழைத்த சோற்றை அவள் வாயருகில் கொண்டுபோனேன். அவள் என் கையை மெதுவாகத் தள்ளிவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் நல்ல மனுசன். ஆனால் நேரத்துக்கு வெளிக்கிடுங்கோ. எங்கட இவர் சைக்கிளில வந்துகொண்டிருக்கிறார். நீங்கள் எனக்குத் தீத்திறதைக் கண்டால் பிழையா நினைப்பார்."

நான் அண்ணை. கலியாணம் கட்டி இத்தனை வருசம் கழித்து, என் பெண்சாதிக்கு நான் யாரோ ஒரு அண்ணை. "அவர் ஒண்டும் நினைக்கமாட்டார்" என்றேன். "உங்களுக்கு அவரைத் தெரியாது. சரியான சந்தேகக்காரன்" என்றாள். நான் அப்படியா இருந்தேன், பிள்ளை? அவள் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. வேற்று ஆளிடம்தான் சொன்னாள். பாத்திரத்தை மூடிக்கொண்டு எழும்பிவிட்டேன். அதற்குப் பிறகு சோறு கொண்டுபோவதில்லை. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் கழுவி வைத்த அந்தப் பாத்திரத்தில் நான் வீட்டில் சாப்பிட்டேன்.

உனக்கு அப்பன் என்ற முறையில் ஒரு புத்திமதி சொல்ல எனக்கு உரிமை இருந்தால் இதைச் சொல்வேன். இல்லாவிட்டாலும் சொல்வேன். நீ இல்லாவிட்டால் ஒரு ஆள் செத்துப்போகும் என்று யாரும் சொன்னால், உடனே நம்பாதே. அதைக் கேட்கிறபோது நெஞ்சு நிறையும். நிறைந்த நெஞ்சோடு வேலையை விடாதே, வீட்டை விற்காதே. முதலில் வாசலில் ஒளிந்து நின்று, நீ இல்லாமல் அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார். நாளைக்கு நானே விழுந்து படுத்து, "மகளின்ர கையால மட்டும்தான் சாப்பிடுவன்" என்று அடம் பிடித்தாலும், ஒரு ஜோசியைக் கூப்பிடு. இரண்டு நாள் முகத்தைத் திருப்புவேன். பிறகு வாயைத் திறப்பேன். எல்லாரும் திறப்பார்கள்.

ஆனால் சைக்கிளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதே. ஏன் என்று கேட்டால், கடைசியாக ஒன்று இருக்கிறது. போன கிழமை ஜோசிதான் சொன்னாள். மத்தியானமானால் அம்மா கையைக் காட்டி, தன்னைத் தள்ளுநாற்காலியோடு சன்னலோரம் தள்ளிவிடச் சொல்கிறாளாம். வேறு எந்த நேரமும் கேட்பதில்லையாம். நான் ஜோசியின் பேச்சை நம்பாமல், அடுத்த நாள் தெருமுனையில் திரும்பும்போது தலையை நிமிர்த்திப் பார்த்தேன். பனிக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு வருகிறவன் அதுவரைக்கும் அந்தச் சன்னலைப் பார்த்ததேயில்லை. அவள் அங்கே இருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் இருந்த கிழவியின் தோளைத் தட்டி, அந்தா, அந்தா என்று என்னைக் காட்டினாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. உள்ளே போய், ஜக்கற்றைக் கழற்றிவிட்டு அவளுக்கு முன்னால் போய் நின்றேன். "வாங்கோ அண்ணை, இருங்கோ. அவர் வந்திட்டார், சைக்கிளை விட்டிட்டு வாறார்" என்றாள்.

ஞாயிறு உன் காரில் வந்து இறங்கினால் நான் அவளுக்கு இன்னொரு அண்ணை, அவ்வளவுதான். விழுந்து சாவேன் என்று பயப்படுகிறாய், எனக்கும் பயம்தான், ஒவ்வொரு நாளும் பயந்து பயந்துதான் மிதிக்கிறேன். ஆனால் சைக்கிளில் இருந்து இறங்கும் வரைக்கும்தான், பிள்ளை, நான் உன் அம்மாவுக்குப் புருசன்.